பின்கட்டுத் தறிகளை நிறுத்தியவன்

திருத்தணியில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கினவன் நான்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்வதுண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் மெட்ராசுக்கு ரயிலில் போய்வந்து படித்து, கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, முன்னறையை மூங்கில் தட்டியால் தடுத்து அதற்குள் உட்கார்த்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஜன்னலைத் திறக்கக் கூடாது. என்னைக் கேட்காமல் யாரும் தும்மக்கூடக் கூடாது என்கிற அளவுக்கு எனக்குத் திமிர் ஏறிவிட்டது.

அதே கட்டடத்தின் பின்கட்டில் ஒருவர் நாலு பவர்லூம் தறி போட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் ஓட்டுவார்கள். பள்ளிப்பட்டு வியாபாரி ஒருவர் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலை உருளையில் சுற்றிக் கொடுப்பார்; இவர்கள் அதை லுங்கியாக நெய்து தர வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குள் நெய்து முடிக்காவிட்டால் பாவை இறக்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று அந்த வியாபாரி வாசலில் நின்று சொன்னது என் காதிலும் விழுந்தது. பாவு போய்விட்டால் அவருக்குப் பிழைப்பு போய்விடும். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

தறியிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வரும். அதற்குப் பயந்து, கெட்டியான வெல்வெட் துணியில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஓர் உறை தைக்கச் சொன்னேன். வேலை செய்யும்போதும் அதைக் கழற்ற மாட்டேன். முன்பக்கத்தை மட்டும் தூக்கி மடித்துவிடுவேன். மற்ற மூன்று பக்கமும் மேசைவரை தொங்கும். அழகாகத்தான் இருந்தது, சனியன்.

பிறகு தொல்லை ஆரம்பித்தது. காலையில் போட்டால் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் படக்கென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வரும், மறுபடி போகும். மாணவர்கள் அடித்ததெல்லாம் அழிந்துபோகும். பின்னால் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். வோல்டேஜை அவை இழுக்கின்றன என்று ஒரே நாளில் முடிவுகட்டிவிட்டேன். ஸ்டெபிலைசர் ஒன்றும் வாங்கி வைத்தேன்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி, அதிகம் பேசாதவள், ஒருநாள் கேட்டாள்.

"சார், வோல்டேஜு கொறஞ்சா ஸ்டெபிலைசர்ல முள்ளு எறங்கும்னு சொன்னீங்களே. நான் பாத்துகினேதான் இருந்தேன். மிஷினு நின்னப்ப முள்ளு அசையவே இல்லீங்க சார்."

"முள்ளப் பாக்க நான் இருக்கேன். நீ கீபோர்டப் பாரும்மா" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றே பின்கட்டுக்குப் போனேன். உங்கள் தறிதான் என் மிஷினைக் கெடுக்கிறது, நாலு நாள் நிறுத்திப் பாருங்கள் என்றேன்.

"நாலு நாளா சார்?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கிருத்திகைக்குள்ள குடுக்கணும். ஆனா ஒங்களுது பெரிய மிஷினு. எங்களால அது பூடுச்சுன்னா நாங்க இன்னா பண்ண முடியும். நிறுத்திடறேங்க சார்."

மறுநாள் கம்ப்யூட்டர் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருமுறைகூட அணையவில்லை. பார்த்தாயா என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அன்றைக்கென்று என் மனைவி அந்த உறையைத் துவைக்க எடுத்துப்போயிருந்தாள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்கு அடுத்த நாள் துவைத்த உறையைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அணைந்தது. தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. நேரே பின்கட்டுக்குள் நுழைந்தேன்.

"யோவ், எனக்குத் தெரியாம ஓட்டறியா?"

அதுவரை அவரை வாங்க, போங்க என்றுதான் பேசி வந்தேன். அவர் பதறிப்போனார். "இல்லீங்க சார். முந்தாநாள்லேந்து சுவிச்சு மேல கையே வைக்கல."

நான் நம்பவில்லை. ஓடிய மோட்டார் சுடும் அல்லவா? ஒவ்வொரு தறியாகப் போய் மோட்டார்மேல் கையை வைத்துப் பார்த்தேன். நாலும் சில்லென்றிருந்தன. "நல்லா தொட்டுப் பாத்துக்கச் சொல்லு" என்றாள் அந்த அம்மாள், என்னைப் பார்க்காமல் புருஷனிடம். நான் திரும்பி வந்தேன்.

வந்த கையோடு, ஏனென்று தெரியவில்லை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் உறைக்குள் கையை விட்டேன். தோசைக்கல்லாகக் கொதித்தது. பெட்டிக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளத்தான் பின்பக்கம் சின்ன ஃபேன் இருக்கிறது. அதன் வாயை வெல்வெட்டால் பொத்தி வைத்திருந்தவன் நான். உறையை உருவிப் போட்டேன். ஆறவிட்டு மறுபடி போட்டேன். மாலைவரை ஒரு சிணுக்கம் இல்லாமல் ஓடியது.

பின்கட்டுக்குப் பத்தடிகூட இருக்காது. அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனுஷனை அவர் மனைவி முன்னால் திருடன் மாதிரி சோதித்துவிட்டு, தப்பு என்மேல்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? முள்ளைப் பார்த்த அந்த மாணவி சிரிப்பாளே என்றும் பயம். நாலு நாள் முடியட்டும், மெட்ராசிலிருந்து ஆள் வந்து சரி செய்தார் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். என் மானம் மட்டும்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை தறிக்காரர் என் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

"இன்னிக்கி ஓட்டலாங்களா சார்?"

"இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றேன். "பாத்துக்கிட்டிருக்கேன்."

"ஆங், சரிங்க சார்" என்று போய்விட்டார்.

அந்த ரெண்டு நாள் முடிவதற்குள் வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். நான் வகுப்பில் இருந்தேன். பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. "கிருத்திகை நெருங்கிடுச்சு, கையக் கட்டிகினு உக்காந்திருக்கியே, இதுக்கா உனக்குப் பாவு குடுத்தேன்?" என்று வியாபாரி கத்தினார். அவருடைய ஆட்கள் பாவு உருளைகளை ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். எழுந்து போய், தறிக்காரர்மேல் தப்பில்லை, நிறுத்தச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. சத்தமாகப் பாடம் நடத்தினேன்.

சாயங்காலம் மாணவர்கள் போனபிறகு தறிக்காரர் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"மிஷினு இப்ப நல்லா ஓடுதுங்களா சார்?"

"ஓடுது."

"அது போதும் சார்." முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. இரண்டு கையையும் கூப்பினார். "இத்தினி நாளா எங்களால ஒங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. மனசுல வச்சுக்காதீங்க சார்."

"பரவாயில்ல, போங்க" என்று அவரை மன்னித்து அனுப்பினேன்.