வட்டம் போடாமல் எழுதிய பெயர்

ஜப்பானில் ஒரு பழக்கம். மோசமான கம்பெனியைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள், அதன் பெயரில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே சின்னதாக வட்டம் போடுவார்கள். நான் பத்தாவதோடு நின்றவன்; அந்த ஊர் எழுத்தும் தடுமாற்றம். ஏதோ அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அது பயம் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் மேடவாக்கத்தில் டேங்கர் லாரி சேற்றுத் தண்ணீர் கொண்டுவந்தால், முதலாளி பெயர், வண்டி நம்பர் எல்லாவற்றையும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. "பேரப் போடாம திட்னா யாருக்கு ஒறைக்கும்?" என்பாள் என் மனைவி.

அங்கே சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் ஆலையில் எனக்கு வேலை. உடன் வேலை செய்யும் வண்டலூர் செல்வத்துக்குப் போன மாதம் காய் வெட்டும் மெஷினில் விரல் நுனி போய்விட்டது. ஆலையில் நடந்ததாகப் பதிவாகக் கூடாதாம். அறையில் சமைக்கும்போது கத்தி பட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வைத்தார்கள். வலியில் துடித்தவனுக்குப் பதிலாக அந்தப் பொய்யை ஜப்பானிய மொழியில் டாக்டரிடம் சொன்னது நான்தான். அன்றிலிருந்து முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை.

விடுப்பில் ஊருக்கு வந்ததும், சொந்த மண்ணில் இருக்கிற தைரியத்தில், நடந்ததை எழுதி முகநூலில் போட்டேன். கம்பெனி பெயரை முழுசாக. மறுநாளே மேலாளர் போனில் வந்தார். "ஹொன்டோ தெஸு", உண்மைதானே என்றேன். அவரும் மெதுவாக, "ஹொன்டோ தகரா..." என்று என்னவோ சொன்னார். உண்மை என்று ஒத்துக்கொண்டாரே என்று மனம் நிறைந்து, நன்றி சொல்லி வைத்தேன். பின்னாலேயே அங்கிருந்து செல்வம் கூப்பிட்டான்.

"அண்ணா, மேனேஜருக்கு தேங்க்ஸ் சொன்னீங்களாமே! உண்மையா இருக்கறதாலதான் பேஜாருன்னு சொல்லிகீறாரு அவரு. கேஸ் போடுவாங்களாம்."

"உண்மையச் சொன்னா கேஸாடா?"

"உண்மையா இருந்தாலும் பேரக் கெடுத்தா இங்க கேஸுதாண்ணா. நாலு பேர் நல்லதுக்குச் சொன்னேன், சொன்னது நெஜம்னு நாமதான் கோர்ட்ல காட்டணும். இன்னாத்தக் காட்டுவீங்க? டாக்டர் சீட்டுல சமையல்னு கீது. சொன்னதே நீங்கதான். அந்த போஸ்ட்ட எடுத்துடுங்கண்ணா, என் விசா அவங்க கையில கீது."

எடுத்துவிட்டேன். ஆனாலும் வாசலில் பைக் நின்றால் கோர்ட் நோட்டீஸோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன். அடுத்த வாரம் விமானம். இறங்குகிற இடத்தில் போலீஸ் நிற்குமா, செல்வத்தை அதற்குள் அனுப்பிவிடுவார்களா? கர்த்தரே என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை.

ஞாயிறன்று தாம்பரம் சபையில் சாட்சி சொல்லும் நேரம். எழுந்து, ஒரு தம்பியின் கைக்காக ஜெபியுங்கள், என் பொய்க்காகவும் ஜெபியுங்கள் என்றேன். முன் வரிசையிலிருந்து ஒரு தாய் திரும்பினார்.

"எந்தக் கம்பெனி பிரதர்? என் பையனும் அடுத்த மாசம் ஜப்பானுக்குத்தான் போறான், சாப்பாட்டு ஃபேக்டரிக்கு."

ஆராதனையை நேரலையில் அனுப்பும் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பேரு வேணாம் சிஸ்டர்" என்று உட்கார்ந்துவிட்டேன். மனைவி என்னை யாரோ போலப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் அந்தத் தாயைச் செருப்பு விடும் இடத்துக்கு அழைத்துப்போய்க் காதருகே பெயரைச் சொன்னேன். ஞானஸ்நானம் எடுத்த சபை, பிறந்த ஊர், தாய்மொழி. இருந்தும், சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.