செவுளில் பூத்த பூ

இன்று சென்னப்பட்டணத்துச் சந்தையில் மீன்காரி ஒரு மடவையின் செவுளைத் தூக்கிக் காட்டியதும், பழவேற்காட்டில், பின்னாளில் ஏரித்தண்ணீர் அடித்துக்கொண்டுபோன எங்கள் சாயக்காரத் தெரு கண்முன் வந்தது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய துணிகளின் புளித்த வாசமும், நைனாவின் மூங்கில் எழுதுகோல் துணியில் உரசும் சத்தமும் கூடவே வந்தன.

சீட்டித் துணியில் எழுதச் சொல்லி ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து ஒரு பூவின் படம் வந்திருந்தது. அவர்கள் தேசத்துப் பூ; எங்களில் யாரும் கண்டதில்லை. கூரை ஒழுகி, படத்தில் இதழெல்லாம் கரைந்து காம்பு மட்டும் மிஞ்சியதை நைனா வெளியே சொல்லவில்லை. கப்பல் புறப்படும் நாள் நெருங்க, துணி நிறையக் காம்புகளை எழுதிவிட்டு, மேலே என்ன வைப்பதென்று தெரியாமல், சோறும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலை, பக்கத்துத் தீவான பசியாவரத்திலிருந்து வரும் மீன்காரியிடம் மீன் வாங்கிய அம்மா எப்போதும்போலச் செவுளைப் பிளந்து பார்த்தாள். உள்ளே அடுக்கடுக்காகச் சிவப்பு. நைனா ஓடிவந்து மீனைப் பிடுங்கினார்.

"ஐயோ, கொழம்பு மீனு அது!"

"கொழம்ப நாளைக்கி வச்சிக்கலாம். இந்தச் செவப்பு நாளைக்கி இருக்காது."

மீனைத் துணிமேலேயே வைத்து, செவுளைப் பார்த்து இதழ்களை எழுதினார். சாயமேற்றி எத்தனை முறை அலசியும் கவிச்சி போகவில்லை.

பார்வையிட வந்த கோட்டைத் துரை, பூவை முகர்வதுபோலத் துணியை மூக்கருகே கொண்டுபோனார். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

துரை ஏதோ சொல்ல, துபாஷி சிரித்தார். "அவங்க ஊரு கடக்கர வாசனயே வருதுன்னு சொல்றாரு."

அன்று நைனா மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.