வலியோடு வரச் சொன்ன டாக்டர்

அந்தச் செருப்புக் கடையில் அவருக்குப் 'பரவாயில்லை' என்று பெயர். கூட வேலை செய்பவர்கள் வைத்தது. சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் பரவாயில்லை, தொப்பலாக நனைந்து வந்து நின்றாலும் பரவாயில்லை, ஒரு வாடிக்கையாளர் அலமாரியில் பாதியைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே வாங்காமல் எழுந்து போனாலும் பரவாயில்லை. வேறு யாராவது இப்படி இருந்தால் தங்கமான மனுஷன் என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவர் விஷயத்தில் அந்த ஒரு வார்த்தைதான் இடுப்பைக் காலி செய்தது.

செருப்புக் கடை வேலை என்றால் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும். வந்தவர் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பாதத்தை அளக்க வேண்டும். அவர் கேட்கிற நிறம் எப்போதும் மேலே பரணில்தான் இருக்கும். ஏணியில் ஏறி, பெட்டிகளுக்கு நடுவே குனிந்து தேடி, இறங்கி, மறுபடியும் குத்துக்கால் போட்டு, குதிகாலை உள்ளே தள்ளி, கயிறு கட்டி, எழ வேண்டும். பிறகு அவர், "இதே மாதிரி கறுப்புல இருக்கா?" என்பார். மெத்தை வைத்த நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். எல்லாம் வாடிக்கையாளருக்கு. வேலையாட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஜனங்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பது முதலாளியின் தீர்மானம்.

ஆறேழு வருஷமாக இடது பக்க இடுப்பில் ஆரம்பித்துத் தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிப் பாதம் வரைக்கும் ஒரு வலி சுண்டி இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் குளியலறைக்குள் அவர் குனியும்போது ஒரு சத்தம் வரும். அதை அவருடைய மனைவி மட்டும் கேட்பாள். வெளியே வந்தால் முகம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிடுகிறவர், தன் செருப்பை மாட்ட மனைவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு நிற்பார். இதை அவர் கடையில் யாரிடமும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

டாக்டரைப் பார்க்காமல் இல்லை. ஒருவர் மாத்திரை கொடுத்தார். ஒருவர் மெத்தையை மாற்றச் சொன்னார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஒருவர், "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று படத்தை உறைக்குள் திருப்பிப் போட்டார். எல்லோரும் அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்கள். அவரும் நல்ல பிள்ளையாகத் தூக்கிக் காட்டினார். எப்படி முடிந்தது என்று கேட்டால், அதில்தான் இருக்கிறது சங்கதி. டாக்டரிடம் போகிற நாளில் அவர் முதல் வேலையாக வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வார், பஸ்ஸில் நிற்க வேண்டுமே, மரப்பெஞ்சில் காத்திருக்க வேண்டுமே என்று. ஒன்று போதாது என்று தோன்றினால் இன்னொன்று. பிறகு சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கடையில் சிரிக்கிற அதே சிரிப்போடு டாக்டர் முன்னால் போய் உட்காருவார். முனகிக்கொண்டு போய் நிற்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். இப்படி ஒரு வலியே இல்லாத ஆளைத்தான் அத்தனை டாக்டர்களும் பரிசோதித்து அனுப்பினார்கள்.

ஒரு சாயங்காலம் ஒரு அம்மாளுக்குக் கயிறு கட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது. நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுகிற பாவனையில் அப்படியே இருந்தார். அந்த அம்மாள் எழுந்து நடந்து பார்த்து, பணம் கட்டி, போயே போய்விட்டாள். இவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட்ட பிறகு முதலாளி தனியாகக் கூப்பிட்டார்.

"உன்னை மாதிரி ஆள் எனக்குக் கிடைக்காது, இல்லேன்னு சொல்லல. ஆனா கஸ்டமர் முன்னாடி இப்படி விழுந்து கிடந்தா எப்படிப்பா? நல்ல டாக்டராப் பாத்து சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்."

"பரவாயில்லைங்க முதலாளி, பாத்துடறேன்" என்றார்.

இந்த முறை மனைவியும் கூட வந்தாள். அவள் ஒரு பேக்கரியில் ரொட்டி பாக்கெட் போடுகிறவள், லீவு எடுப்பது லேசில்லை. பெரிய ஆஸ்பத்திரி, முதுகுத்தண்டுக்கென்றே இருக்கிற டாக்டர். நடுத்தர வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமின்மை தெரிந்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், காலைத் தூக்கினார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார்.

"படத்துல இருக்கற அளவுக்கு உங்களுக்கு வலி இல்லையே. நல்ல விஷயம்தான். இதே மாத்திரையத் தேவைப்பட்டா போட்டுக்கங்க."

"சரிங்க டாக்டர், ரொம்ப நன்றிங்க" என்று அவர் எழுந்தேவிட்டார். கும்பிடு வேறு.

மனைவி எழுந்திருக்கவில்லை. "டாக்டர், ஒரு நிமிஷம். இவர் மூஞ்சியப் பாத்து எதையும் எழுதாதீங்க. வரும்போது ரெண்டு மாத்திரை போட்டுட்டு வந்திருக்காரு. வீட்ல செருப்பு நான்தான் மாட்டிவிடறேன். காலையில இவர் குளிக்கிற வரைக்கும் நான் அடுப்படியில காதைப் பொத்திக்கிட்டு நிக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க எத்தனையோ பேரப் பாக்கணும்... இதுல நான் வேற..." என்று அவர் மென்று விழுங்கினார்.

"நீங்க வலியை வீட்ல விட்டுட்டு வந்தா நான் இங்க யாரைப் பாக்கறது?" டாக்டருக்கு நிஜமாகவே கோபம். எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக என்று துருவித் துருவிக் கேட்டார். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை என்றார். ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். "அடுத்த வாரம் காலையில வாங்க. முந்தின நாளே மாத்திரையை நிறுத்திடுங்க. எப்படி இருக்கோ அப்படியே வாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் வெடித்தார். "என்னைப் பொய்யன் ஆக்கிட்டயே, ஒரு பெரிய மனுஷி முன்னாடி."

"நான் ஆக்கல. நீங்கதான் ஆயிட்டு வந்தீங்க, சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவள் கேட்டாள், "கடையில செருப்பு கடிச்சாலும் கடிக்கலைன்னு சொல்றவங்க இருப்பாங்கல்ல?"

"பாதிப் பேர் அப்படித்தான். அந்த டிசைன் புடிச்சுப் போயிருக்கும். இல்லேன்னா, நான் இத்தனை தடவை ஏறி எறங்கிட்டேனேன்னு கூச்சம்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மூஞ்சியப் பாக்க மாட்டேன். கட்டைவிரலை அமுத்திப் பாப்பேன்." சொன்ன பிறகுதான் அவள் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்று புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் அந்தக் காலைப்பொழுது இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். மாத்திரை இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. சவரம் செய்யவில்லை, கண்ணாடி முன்னால் நிற்க முடிந்தால்தானே. ஆட்டோவில் ஒவ்வொரு குழிக்கும் மனைவியின் தோளைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சாய்ந்திருந்தார். அவருக்கு அந்த நேரத்தில் வெட்கத்துக்குக்கூடத் தெம்பில்லை. இதிலிருந்து எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

டாக்டர் இடது காலைக் கொஞ்சம்தான் தூக்கினார். அவர் அலறிவிட்டார்.

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள், அப்படி ஒரு அலறல். குளியலறைக் கதவுக்குப் பின்னால் இத்தனை வருஷம் கேட்ட சத்தம், முதல் முறையாக இன்னொருவர் காதில் விழுந்தது. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். புருஷன் வலியில் துடிக்கும்போது இப்படி ஒரு நிம்மதி வருகிறதே என்று தன் மேலேயே கோபமாக வந்தது அவளுக்கு. ஆனாலும் நிம்மதிதான்.

"பரவாயில்லைங்க, நீங்க பாருங்க" என்றார் அவர், பழக்க தோஷம்.

"பரவாயில்லையா?" டாக்டர் காலை இறக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்லைங்க. முடியல. ரொம்ப நாளா முடியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, எந்தப் படியில் ஏணி ஆடுகிறதா தன் கால் ஆடுகிறதா என்று தெரியாமல் போகிறது, எல்லாம். டாக்டர் அவர் பாதத்தைக் கையில் எடுத்துக் கட்டைவிரலைப் பிடித்தார். "இதை மேல தூக்குங்க, நான் அமுத்தறேன், விடாதீங்க." வலது விரல் நின்றது. இடது விரல் ஒரு தள்ளலுக்கே மடங்கிவிட்டது. டாக்டர் இன்னொரு முறை அமுத்திப் பார்த்தார். தன் காலை ஒருவர் இப்படிப் பிடித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. அம்மா பிடித்திருப்பாள். அதற்குப் பிறகு, செருப்பு மாட்டிவிடுகிற மனைவியைத் தவிர யாரும் இல்லை.

நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். மாத்திரையை மாற்றினார். ஒரு ஊசி, பிசியோதெரபி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி. ஆபரேஷன் இப்போது வேண்டாம், விரல் இன்னும் பலம் இழந்தால் உடனே வர வேண்டும். "குத்துக்கால் கூடாது, ஏணி கூடாது. முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். குறைக்கலாம். அதுக்கு நீங்க என்கிட்ட நெஜத்தச் சொல்லணும், மாசா மாசம்."

ஏணியும் கூடாது குத்துக்காலும் கூடாது என்றால் செருப்புக் கடையில் மிச்சம் என்ன இருக்கிறது? அதை யோசித்து யோசித்தே அவருக்கு அலுத்துவிட்டது. ஊசி போட்டு, ஓய்வு முடிந்து கடைக்குப் போன அன்று, முதலாளி கல்லாவிலிருந்தே கேட்டார், "என்னப்பா, எல்லாம் சரியாயிடுச்சா?"

கூட வேலை செய்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இல்லைங்க முதலாளி. சரியாகல. கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். இனிமே ஏணி ஏற மாட்டேன், கீழ குந்த மாட்டேன். உக்காந்துதான் வேலை பாக்க முடியும். அதுக்கு ஒத்துக்கிட்டா இருக்கேன். இல்லேன்னா சொல்லிடுங்க."

இத்தனை வருஷத்தில் இந்த ஆள் இவ்வளவு வார்த்தை பேசி முதலாளி கேட்டதில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"அந்த நாற்காலிய எடுத்துப் போட்டு உக்காரு. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்" என்றார்.

அவர் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். ஆயிரம் தடவை அதைத் துடைத்திருக்கிறார், உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவ்வளவு ஒன்றும் மெத்தென்று இல்லை.

மத்தியானம் மனைவி போன் செய்தாள். "என்ன சொன்னாரு?"

"உக்காரச் சொன்னாரு. மாசக் கடைசி வரைக்கும்."

"வலி?"

வழக்கமான பதில் உதடு வரைக்கும் வந்துவிட்டது.

"இருக்கு" என்றார்.