தலைக்கு ஓர் அட்டை மாத்திரை

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்யும் என் மாப்பிள்ளையை ஒடிசா காட்டோரத்துக் கிளைக்கு ஆறு மாதம் அனுப்பினார்கள். மலேரியா அதிகமுள்ள இடம். நாலு மாத கர்ப்பிணியான என் மகளும் கூடக் கிளம்பினாள். புறப்படும் முன் திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையில் மலேரியா வராமல் தடுக்க இரண்டு அட்டை மாத்திரை இருந்தது.

சுகாதாரத் துறை மலேரியா பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். திருப்பிப் பார்த்தேன். டாக்சிசைக்ளின். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது; வயிற்றுப் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும்.

"இத யாரு மாப்ள குடுத்தது?"

"சேஃப்டி ஆபீசர் மாமா. குடும்பத்துல ஒர்த்தர் கூட வராங்கன்னு ஃபார்ம்ல போட்டேன். கையெழுத்து வாங்கிகினு ரெண்டு அட்டை குடுத்துட்டாரு."

"மாசமா இருக்கான்னு சொன்னீங்களா?"

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லியே மாமா."

ஹெல்மெட்டையும் அவர்கள் இப்படித்தான் தலையை எண்ணிக் கொடுப்பார்கள்.

மகள் இன்னும் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. வாந்தி நிற்கட்டும் என்று காத்திருந்தாளாம். வாந்திக்கு இருந்த அறிவு அந்த ஆபீசருக்கு இல்லை. மறுநாள் திருவள்ளூரில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பிரசவம் வரை அந்தப் பக்கமே போகவேண்டாம் என்றார் அவர். மாப்பிள்ளை தனியாக ரயிலேறினார்.

மகள் பங்கு அட்டையைத் திருப்பித் தர ஆபீசருக்குப் போன் செய்தேன்.

"ரிட்டர்ன் எடுக்க ரூல் இல்ல சார். ரெண்டையும் அவரே சாப்ட்டும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டு, அட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.