உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக்

புது ஷோகேஸ் கதவுகளுக்கு மெரூன் நிற அக்ரிலிக் ஷீட் ஒட்டிய தச்சர், "மேல கீற பிளாஸ்டிக்க இன்னிக்கே உரிச்சிடும்மா, அப்பால வராது" என்றார். நான் கேட்கவில்லை. மகளைப் பெண் பார்க்க வரும் அன்று உரித்தால் புத்தம்புதிதாக மின்னுமே என்ற ஆசை.

எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் சாயங்கால வெயில் நேராக அதன்மேல்தான் விழும். இரண்டு கோடை கழிந்து, பிள்ளை வீட்டார் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உரித்தேன். துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. ஆத்திரத்தில் கத்தியால் சுரண்டினேன்.

வந்ததும் பிள்ளையின் அம்மா ஷோகேஸைப் பார்த்துவிட்டு, "பூனை வளக்கறீங்களா?" என்றார்.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் அன்றைக்கே உறையைக் கிழித்துவிடுகிறேன். கீறல் விழுந்தால் விழட்டும். புழங்கி விழுந்ததாக இருக்கட்டும்.