ஏழு தாத்தாக்களும் ஒரு பரீட்சையும்

கிர்கிஸ்தானின் ஓஷ் ஊரில் மயக்க மருந்துப் படிப்பு படித்தபோது விடுதியில் எனக்கும் சைரகானுக்கும் ஒரே அறை. அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றும் மனசு ஏங்குகிறது. கிண்ணத்தில் தேநீர், பிய்த்துப் போட்ட ரொட்டி, நடுவே மருந்துப் பட்டியல். சைரகான் வாய்மொழித் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு.

எந்த மருந்து எத்தனை வினாடியில் வேலை செய்யும் என்பது மட்டும் அந்த மண்டையில் ஏறவே ஏறாது. அதற்கு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் கிர்கிஸ் ஜனங்களுக்கு ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பெயரும் மனப்பாடம். மருந்து ஏற்றும்போது நோயாளியை அந்தப் பெயர்களைச் சொல்லச் சொல்வது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். எத்தனையாவது பெயரில் தூங்கிப்போகிறார்கள் என்பதுதான் சைரகானின் கணக்கு.

“தியோபென்டால்னா நாலாவது தாத்தாவத் தாண்டமாட்டாங்கடி. கீட்டமின்னா ஆறு வரைக்கும் போவாங்க. கண்ணு மட்டும் தொறந்தே இருக்கும்.”

“முதுகுல போடுற ஊசிக்கு?”

“முழிச்சிட்டுதானே இருப்பாங்க? ஏழையும் முடிச்சிட்டு, உன் தாத்தா யாருன்னு நம்மளயே கேப்பாங்க!”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வராது. அநாதை இல்லத்தில் வளர்ந்தவள் அவள். ஒரு தாத்தாவின் பெயர்கூடத் தெரியாது.

தேர்வன்று பேராசிரியர் மாமிர்கான் கேட்டார்: “தியோபென்டால் எவ்வளவு நேரத்துல வேலை செய்யும்?”

“நாலாவது தாத்தாவுக்குள்ளங்கய்யா!”

அடிப்பாவி, கெடுத்தாளே! என் முறைக்காகப் பின்னால் காத்திருந்த நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ முதுகு ஊசிக்கு?”

“ஏழும் சொல்லிட்டு, உன் தாத்தா யாருன்னு கேப்பாங்கய்யா.”

“நீ என்ன சொல்லுவே?”

“தெரியாதுன்னு சொல்லிட்டு, அந்த ஊசிக்குப் பிரஷர் சட்டுன்னு இறங்குமேங்கய்யா, அதப் பாப்பேன்.”

அவர் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “வினாடியையும் கொஞ்சம் படிச்சுக்கோம்மா” என்றார்.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. போன வசந்தத்தில் சைரகானுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தது நான்தான். புரோபோஃபோலை ஏற்றிக்கொண்டே, பழக்கதோஷத்தில் “சொல்லுடி, ஆரம்பி” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் தயங்கவே இல்லை. “மாமிர்கான்” என்றாள். அடுத்து என் பெயரைச் சொன்னாள். மூன்றாவது பெயருக்கு வாயைத் திறந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரஷரைப் பார்த்தேன்.