ஒரே கல்யாணம், இரண்டு லெப்டொப்

அன்று பதுளையில் அந்தக் கடைக்குள் நான், என் மனைவி செல்வி, எல்லோரும் நானா என்றழைக்கும் கடைக்காரர் ஆகிய மூவர்தான் இருந்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தேன். அவற்றை வெட்டி ஒட்ட ஒரு லெப்டொப் வாங்கப் போயிருந்தோம். செல்வி சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. ஏமாந்துவிடுவோமோ என்று பஸ்ஸிலேயே செல்வியிடம் பலமுறை கேட்டேன்.

மேசையில் இரண்டு இருந்தன. ஒன்றில் எல்லோரும் பெயர் சொல்லும் கம்பனியின் புரொசசர். மற்றதில் போட்டிக் கம்பனியுடையது. விலை பத்தாயிரம் குறைவு.

"வெல கொறஞ்சா வேலையும் கொறையுங்க. பெரிசையே குடுங்க" என்றேன்.

"பாக்காமலே முடிவு செஞ்சிட்டீங்களே!" என்று சிரித்த நானா, நான் கொண்டுபோன கல்யாண வீடியோவை இரண்டிலும் ஏற்றி, ஒரே நேரத்தில் டிவிடிக்கு மாற்றவிட்டார். பிளேன்டீ குடித்துக் காத்திருந்தோம். விலை கூடியது முதலில் முடித்தது. சில நிமிடங்களில் மற்றதும் முடித்தது.

"இந்தச் சில நிமிஷத்துக்கா பத்தாயிரம்? கொறஞ்சதையே எடுங்க. ரேம் மட்டும் கூட்டித் தாறேன்."

"பெரிச வித்தா ஒங்களுக்குத்தானே லாபம்?" என்று செல்வி கேட்டேவிட்டாள்.

"நீங்க திரும்பி வரணுமே, தங்கச்சி."

ரேமுக்குக் காசு எடுத்தபோது கையைத் தடுத்தார். "எங்கட மகள்ட கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வாங்க. அதுல கழிச்சுக்குவோம்."

அந்தப் பிள்ளை அப்போது நேர்சரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்!

பெயரைப் பார்த்துக் காசைக் கொட்டப்போன என்னை, என் வேலையைப் பார்த்து வாங்கவைத்தவர் அவர். அந்த லெப்டொப்தான் எங்களுக்குப் பல வருடம் சோறு போட்டது. பிள்ளை இப்போது பள்ளியின் கடைசி வகுப்பான ஏ.எல். படிக்கிறாள். அந்த ரேமுக்காக நானாவுக்கு நான் தரவேண்டிய மூவாயிரத்து ஐந்நூறு ரூபா இன்னும் பாக்கி.